சண்டைச் சேவலோட நெஞ்சுக்கறி

போன வாரம் வீட்டுல கோழி அறுத்தோம். கறி கழுவும்போது எங்க பேத்தி ஒரு கேள்வி கேட்டா: "நெஞ்சு வெள்ளையா இருக்கு, தொடை மட்டும் ஏன் தாத்தா செவப்பா இருக்கு?" அறுபது வருசமா கோழி வளர்க்கிற குடும்பமுங்க எங்களுது. எனக்குச் சட்டுனு பதில் வரலை. அதைத் தேடப் போய்த்தான் இந்தப் பதிவு.

சதைங்கிறது மெல்லிசான நார்களோட கட்டு. அதுல ரெண்டு முக்கிய ரகம் இருக்கு. ஒண்ணு மெதுவா, ரொம்ப நேரம் சலிக்காம வேலை செய்யற நார். அதுக்கு ஆக்சிஜன் வேணும். அதைப் பிடிச்சு வைக்கிற மயோகுளோபின்தான் அந்தச் செவப்பு. இன்னொண்ணு சட்டுனு பாயுற, சட்டுனு களைச்சுப் போற வெள்ளை நார். கோழி நாள் முழுக்க நடக்குது, கிளறுது. அதனால தொடையில செவப்பு நாரும் கலந்திருக்கு. இறக்கையை எப்பவாவது நாய் துரத்துனாத்தான் அடிக்குது. அதனால நெஞ்சு கிட்டத்தட்ட முழுக்க வெள்ளை நார். வானத்துல தூரமாப் பறக்கிற புறாவுக்கு நெஞ்சே கருஞ்செவப்பா இருக்கும், பாத்திருப்பீங்க.

எந்த நார் எங்க வரணும்னு சொல்றது ஜீன். நாரை இழுத்துச் சுருக்குற மயோசின்ங்கிற புரதத்துக்கு வேகமான ரகத்துக்கு ஒரு ஜீன், மெதுவான ரகத்துக்கு ஒரு ஜீன்னு தனித்தனியா இருக்கு. இன்னொண்ணும் கவனிக்கணும். நாரோட எண்ணிக்கை பெரும்பாலும் முட்டைக்குள்ளயே முடிவாயிடுது. குஞ்சு பொரிச்ச பிறகு நார் தடிக்கும், நீளும். எண்ணிக்கை கூடுறது கெடையாது.

இனி வரலாறு. "பிராய்லர் சீமைக்கோழி, நாட்டுக்கோழிதான் நம்மளுது"ம்பாங்க எங்க பக்கம். அது பாதிதான் நெசம். கோழிங்கிற சாதியே செவப்புக் காட்டுக்கோழியில இருந்து வந்தது. மஞ்சக் காலுக்கான ஜீன் மட்டும் தென்னாட்டு மலைக்காட்டுல திரியற சாம்பல் காட்டுக்கோழிகிட்ட இருந்து கலந்ததுன்னு 2008-ல கண்டுபிடிச்சாங்க. இன்னைக்கு உலகம் பூரா மஞ்சத் தோலோட திரியற கோழியில நம்ம காட்டு ரத்தம் இருக்கு.

அதைவிடப் பெரிய சங்கதி அசில். சண்டைக்குன்னே தலைமுறை தலைமுறையாப் பொறுக்கி எடுத்த சேவல்: அகன்ற நெஞ்சு, தடிச்ச கால், ஒட்டுன ரெக்கை. வெள்ளைக்காரங்க 19-ஆம் நூற்றாண்டுல இதைக் கப்பல்ல கொண்டுபோய் இங்கிலாந்தோட கார்ன்வால் பக்கத்துக் கோழிகளோட சேத்தாங்க. பேரே 'இந்தியன் கேம்'னு வச்சாங்க. சண்டையில அது சோடை போயிடுச்சு. ஆனா நெஞ்சுக்கறி அமோகம். அமெரிக்கா போனதும் அதுக்குப் பேரு கார்னிஷ்.

அமெரிக்காவுல 1946-ல 'நாளைய கோழி'ன்னு ஒரு போட்டி தொடங்குனாங்க. நெறைய நெஞ்சுக்கறி, சீக்கிரம் எடை, குறைஞ்ச தீவனம், இதுதான் கணக்கு. 1948 இறுதிப் போட்டியில ஜெயிச்சது சார்லஸ் வான்ட்ரஸ்ங்கறவரோட கலப்பு: கார்னிஷும் நியூ ஹாம்ப்ஷயரும். இன்னைக்கு பிராய்லருக்கு அப்பன் வழி கார்னிஷ்தான். கறிக்கடைக் கூண்டுல நிக்கிற வெள்ளைக்கோழியோட நெஞ்சுல நம்ம சண்டைச் சேவல் இருக்குதுங்க!

அதுக்கப்புறம் வேகம் எப்படிப் போச்சுன்னு கனடாவுல அளந்து பாத்தாங்க. 1957, 1978, 2005 காலத்து ரகங்களை ஒரே தீவனம் போட்டு வளர்த்தாங்க. 56-ஆம் நாள் எடை: 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். ஊசி போட்டு வந்த எடை இல்லைங்க இது. பல ஜீன்களோட சின்னச் சின்னப் பங்கை ஒவ்வொரு தலைமுறையிலயும் பொறுக்கிச் சேத்ததோட பலன்.

ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கு. நார் தடிக்கிற வேகத்துக்கு ரத்த ஓட்டம் ஈடு கொடுக்கறதில்ல. நெஞ்சுக்கறியில வெள்ளை வரி விழுது, சிலதுல கறி மரக்கட்டையாட்டம் வெறைக்குது. உலகம் பூரா பிராய்லர் பண்ணைக்கு இது தலைவலி.

நம்ம நாமக்கல் முட்டைக்கோழிச் சீமை. அந்த வெள்ளை லெகார்ன் வேற வம்சம். தின்னது முட்டைக்குப் போகும், சதைக்குப் போகாது. 1985-ல நாமக்கல்ல கால்நடை மருத்துவக் கல்லூரி வந்த பிறகு கோழி வளர்ப்பு பத்திக் கேக்க எங்க பக்கத்து ஆளுக ரொம்ப தூரம் போக வேண்டியதில்ல.

இப்ப என் கதை. மூணு வருசம் முன்னாடி, சீக்கிரம் எடை வரட்டும்னு கலப்புச் சேவல் ஒண்ணை எங்க வெடக்கோழிகளோட விட்டேன். குஞ்சுக சீக்கிரமே தேறுச்சு. சந்தையில நாட்டுக்கோழின்னே வித்தேன். காசு வந்துச்சு. ஆனா அந்தப் பெட்டையில பாதி அடைக்கே உக்காரலை. எங்க அப்பாரு காலத்துல இருந்து கொடாப்புல வந்த வித்து கண்ணெதுரே கரையுதுன்னு அப்பத்தான் ஒறைச்சுது. வாங்குனவங்ககிட்ட சொன்னது பொய்ங்கறதும் ஒறைச்சுது.

நாட்டுக்கோழி ருசியில ரத்தம் மட்டும் இல்ல. ஆறு மாசம் ஆன வயசு, மேஞ்சு திரிஞ்ச காலு, முத்துன இணைப்புத் திசு எல்லாம் சேந்துதான் அந்தக் கடிப்பு. ஆனா வயசை மறுபடி கொண்டாந்துடலாம், மேய்ச்சலையும் கொண்டாந்துடலாம். போன வித்தைக் கொண்டார முடியாது. அசிலை இங்கிலாந்துக்காரன் கொண்டுபோனப்ப இங்க மிச்சம் இருந்துச்சு. நம்ம கொடாப்புலயே கரைச்சுட்டா மிச்சம் எங்க இருக்கும்?

இப்போ பழைய வித்துச் சேவல் ரெண்டும் பெட்டை ஒம்போதும் தனியா நிக்குது. கலப்பு வேணும்ங்கறவங்களுக்குக் கலப்புன்னு சொல்லியே, கம்மி வெலைக்குத் தர்றேன். பேத்திக்குப் பதில் சொல்லியாச்சு. சேவலுக்கும் அவதான் பேரு வச்சிருக்கா.