புலிகொல் யானையும் மருந்துகொல் கிருமியும்

'புலிகொல் யானை' என்னும் தொடரைப் பழைய இலக்கண உரைகளில் பயின்றோர் மறந்திருக்கமாட்டார்கள். புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா என்பது அத்தொடரிலிருந்து விளங்காது. அதே மயக்கம் இன்று நம் மருத்துவத் தமிழில் குடியேறியிருக்கிறது. 'நோய் எதிர்ப்பு ஆற்றல்' என்கிறோம். அங்கே எதிர்ப்பது உடல். 'நுண்ணுயிர் எதிர்ப்பி' என்கிறோம்; எதிர்ப்பது மருந்து. 'நுண்ணுயிர் எதிர்ப்பு' என்று சொல்லும்போதோ எதிர்ப்பது கிருமி, தோற்பது மருந்து. முதலிரண்டும் நமக்கு நலம் தருவன. மூன்றாவது உயிரைப் பறிப்பது. ஒரே சொல் மூன்றையும் சுமந்தால் நோயாளி எதைப் புரிந்துகொள்வார்? 2015-இல் உலகச் சுகாதார நிறுவனம் 12 நாடுகளில் நடத்திய கருத்தாய்வில், மருந்துக்குப் பழகிப்போவது கிருமியன்று, உடல்தான் என்று நால்வரில் மூவர் எண்ணியிருந்தனர். இக்குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும். ஆயினும் நம் சொல்லாக்கம் அதற்குத் துணைபோகிறது.

பேராக்கின் தோட்டப்புறத்திற்கு இது புதிய கதையுமன்று. மலையடிவாரக் காடுகளை அழித்து ரப்பர் நட்டபோது, நிழலில் ஓடிய ஓடைகள் வெயிலுக்கு வந்தன. மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் மாக்குலேட்டஸ் என்னும் கொசு, வெயில்பட்ட தெளிந்த ஓடைநீரை நாடி முட்டையிடுவது. தமிழகத்திலிருந்து புதிதாக வந்திறங்கியோர் லயங்களில் காய்ச்சல் கண்டு மடிந்தனர். காட்டுக்குச் செய்தது மனிதனிடம் நோயாகத் திரும்பியது. பல தோட்டங்களில் காலைப் பெரட்டின்போதே கொய்னாவைக் கொடுத்துக் கண்முன்னே விழுங்கவைத்தனர். ('பரேடு' என்னும் படைத்துறைச் சொல்லே 'பெரட்டு' ஆனது. தோட்ட நிருவாகத்தின் மனப்போக்கை இதைவிடச் சுருங்கச் சொல்ல இயலாது.) தோட்டத் தமிழ்ச் சொற்களைத் தொகுத்த நாள்களில், கசப்புக்கு உவமையாக முதியோர் வேம்பைச் சொல்லாமல் கொய்னாவைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் குளோரோகுயின் பரவலாயிற்று. 1957-இல் தாய்லாந்து-கம்போடிய எல்லையில் அம்மருந்துக்கு அடங்காத மலேரியா தென்பட்டது. 1963-இல் மலாயாவிலும் அது பதிவாயிற்று. உடல் மருந்துக்குப் பழகிவிடவில்லை. மருந்து கொல்லத் தவறிய ஒட்டுண்ணிகள் பெருகின. கொசு அவற்றை அடுத்தவரிடம் கொண்டு சேர்த்தது. அதுவரை அம்மருந்தைத் தொட்டேயிராதவருக்கும் மருந்து பயனற்றுப்போனது.

இனிச் சொல்லவிருப்பதை நம் பாடநூல்கள் போதிய அளவு சொல்லவில்லை என்பது என் கருத்து. 1948-இல் கோலாலம்பூரின் மருத்துவ ஆய்வுக் கழகத்திற்கு ஜோசப் ஸ்மேடல், தியோடர் உட்வர்டு முதலிய அமெரிக்க மருத்துவர்கள் குளோராம்பெனிக்கால் என்னும் புதுமருந்துடன் வந்தனர். புதர்ச் சிற்றுண்ணிகளால் பரவும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்கு அதைச் சோதிப்பதே நோக்கம். அக்காய்ச்சலெனக் கருதி மருந்தளிக்கப்பட்டோருள் சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு. அவர்களும் தேறினர்! வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்திய நோய் சில நாள்களில் தணிந்தது. டைபாய்டுக்கு ஏற்ற மருந்து இம்மண்ணில் இவ்வாறு தற்செயலாகக் கிடைத்தது.

அந்த வெற்றி 24 ஆண்டுகளே நீடித்தது. 1972-இல் மெக்சிகோவிலும் கேரளத்தின் கோழிக்கோட்டிலும் குளோராம்பெனிக்காலுக்கு அடங்காத டைபாய்டு பரவியது. கோழிக்கோட்டு ஆய்வாளர்கள் மேலும் ஒன்றைக் கண்டனர்: அந்த அடங்காமையை ஒரு கிருமி மற்றொரு கிருமிக்குக் கைமாற்றித் தரவல்லது. பன்றியின் குடலிலும் கோழியின் குடலிலும் வாழும் தீங்கற்ற கிருமிகூட, தான் பெற்றதை மனிதனைத் தாக்கும் கிருமிக்கு வழங்கலாம். எனவே கொட்டகையில் தீவனத்துடன் கலந்த மருந்தும் மருத்துவமனைக் கட்டிலில் தந்த மருந்தும் ஒரே கணக்கில் சேர்பவை.

ஈப்போவில் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் அமைந்ததும் அதே 1948-இல்தான். மனித மருத்துவம் ஒரு வாயில் வழியாகவும் கால்நடை மருத்துவம் வேறொரு வாயில் வழியாகவும் சென்றுகொண்டிருந்தன. அந்தப் பிரிவினைக்குரிய விலையைக் கிந்தா மாவட்டம் 1998-இல் கொடுத்தது. ஈப்போ சுற்றுவட்டாரப் பன்றிப் பண்ணையாளர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டபோது, அதைக் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எனக் கொண்டு புகையடித்தனர், தடுப்பூசி போட்டனர். நோயுற்றோர் பெரும்பாலும் பன்றியோடு புழங்கிய ஆடவர் என்பது அந்த முடிவுக்கு ஒத்துவரவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புதிய வைரஸை அடையாளங்கண்டார். பண்ணையோரப் பழமரங்களுக்கு வந்த வௌவால்களிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் அது வந்திருந்தது. நிப்பா எனப் பெயர்பெற்ற அவ்வைரஸ் மலேசியாவில் 265 பேரைத் தாக்கி 105 பேரைக் கொன்றது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

நிப்பா வைரஸ், அதன்மேல் நுண்ணுயிர் எதிர்ப்பி வேலை செய்யாது. இதைக் குறிப்பிடக் காரணமுண்டு. நம் பேச்சுவழக்கில் வைரஸும் கிருமி, பாக்டீரியாவும் கிருமி. சளிக்காய்ச்சலுக்கும் 'கிருமி மாத்திரை' கேட்டு வாங்குவோரிடம், இது வேறு கிருமி என்று எச்சொல்லால் விளக்குவது?

2015-இல் சீன ஆய்வாளர்கள் பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிடத்தும் கோலிஸ்டினை வெல்லும், கைமாறக்கூடிய மரபணுவைக் கண்டனர். வேறெம்மருந்தும் உதவாதபோது மருத்துவர் நாடும் மருந்து கோலிஸ்டின். மலேசியா 2019 சனவரி 1 முதல் உணவுக்கான கால்நடைகளுக்கு அதைத் தடைசெய்தது. அதற்கு முன்னரே, 2017 முதல் 2021 வரைக்குமான தேசியச் செயல்திட்டத்தில் சுகாதார அமைச்சும் விவசாய அமைச்சும் ஒன்றாக இணைந்தன. தண்ணீர்தான் இன்னும் பின்வரிசையில் நிற்கிறது. உடல் உட்கொண்ட மருந்தில் ஒரு பகுதி கழிவோடு வெளியேறும். கிந்தாவின் பழைய ஈயக்குட்டைகளில் மீன் வளர்ப்போர் பலர். பண்ணைக் கழிவும் வீட்டுக் கழிவும் குட்டைக்குப் போனால், அங்கே கிருமிகள் மருந்தோடு பழகும்.

மலாய்மொழி உடலின் ஆற்றலை 'டாயா தாஹான்' என்றும் கிருமியின் செயலை 'கெரிந்தாங்கான்' என்றும் பிரித்துப் பேசுகிறது. நமக்கும் அந்தப் பிரிவு வேண்டும். உடலுக்கு 'எதிர்ப்பு' இருக்கட்டும். மருந்துக்குக் 'கிருமிக்கொல்லி' எனலாம் என்பார் உளர். வைரஸும் கிருமி என்றிருக்கும்வரை அதை நான் ஏற்கேன், 'பாக்டீரியாக்கொல்லி' என்பதே நேரானது. மூன்றாவதற்கு 'மருந்துக்கு அடங்காமை' என்னும் தொடரை முன்வைக்கிறேன். வேற்றுமையுருபு வெளிப்பட நிற்பதால், எது எதற்கு அடங்கவில்லை என்பதில் ஐயமில்லை. தொகையாகச் சுருக்கி 'மருந்தடங்காமை' ஆக்கலாமே எனின், யானையும் புலியும் மறுபடி வந்துவிடும்.