காவிரிப் பெருமீன்

காவிரியைப் பாடாத வாயில்லை. அதன் கழனிகளையும் கோயில்களையும் துறைகளையும் நாம் போற்றுகின்றோம். ஆயின் அந்நீரிலேயே பிறந்து, ஓர் ஆளின் எடைக்கு வளரவல்ல பெருமீன் ஒன்றை நம்முள் அறிந்தோர் மிகச் சிலர். கெண்டைக் குலத்தைச் சேர்ந்த அம்மீனை மகசீர் என்பர். அதன் வரலாறு பெரும்பாலும் தூண்டிற்காரரின் ஏடுகளிலேயே அடங்கியுள்ளது.

தூண்டிற்கலை மேனாட்டார் கொணர்ந்த புதுமையன்று. 12-ஆம் நூற்றாண்டில் கலியாணபுரத்திலிருந்து ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய ‘மானசோல்லாசம்’ என்னும் வடநூல், மீன் வகைகளையும் அவற்றிற்கு இடும் இரையையும் தூண்டில் முறையையும் விரித்துரைக்கின்றது.

பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். இறகையும் நூலையும் கொண்டு ஈயைப்போலவோ சிறு மீனைப்போலவோ முள்ளில் கட்டி, கனத்த கயிற்றின் விசையால் அதனை நீரின்மேல் எறிவது அவர்தம் நாட்டு முறை. சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த எச். எஸ். தாமஸ் 1873-இல் வெளியிட்ட ‘இந்தியாவில் தூண்டில்’ என்னும் ஆங்கில நூலில், ஒத்த எடையுள்ள சால்மனைவிட மகசீரே வன்மையுடன் போரிடும் என்று எழுதினார். மகசீருக்கு வாயில் பல்லில்லை. தொண்டையிலுள்ள பற்களே இரையை நொறுக்கும். உறுதியற்ற முள்ளும் அங்கே நசுங்கிவிடும்.

1919-இல் காவிரியில் ரிவெட் கார்னக் என்பார் 119 பவுண்டு மீனைப் பிடித்தார். 1946-இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன், காவிரியின் கிளையாறாகிய கபினியில் 120 பவுண்டு மீனைக் கரையேற்றினார். பிடித்தவர் பெயர் ஏட்டில் நின்றது. பரிசல் செலுத்தி, மீன் பதுங்கும் கசத்தைக் காட்டிய உள்ளூர் மக்களின் பெயர்கள் நிற்கவில்லை. ஈயினும் கேழ்வரகு மாவுருண்டையே காவிரியில் சிறந்த இரை என்பது பிற்காலத்தில் இவ்வாற்றுக்கு வந்த தூண்டிற்காரர் கண்ட உண்மை.

1970-களின் இறுதியில் இக்கலை இங்கு மறுமலர்ச்சி பெற்றது. பிடித்த மீனை நிறுத்துக் குறித்து, உயிருடன் ஆற்றிலே விடுவது வழக்கமாயிற்று. இதனிடையே அணைகள் மீனின் வழியை மறித்தன. வெடிவைத்துப் பிடிப்போரும் பெருகினர். குறையைப் போக்கும் நல்லெண்ணத்துடன் லோனாவாலாப் பண்ணையில் பிறந்த நீலத்துடுப்பு மகசீர்க் குஞ்சுகளைக் காவிரியில் விட்டனர். அவை பெருகின, காவிரிக்கே உரிய திமில் மகசீரோ அருகிற்று. 2012 அளவில் சரணாலயப் பகுதியில் தூண்டிலிடுதல் நின்றது. அதற்குமுன் 1998 முதல் எழுதிவந்த பிடிப்புக் கணக்கே இம்மாற்றத்தை ஆராய்ச்சியாளருக்கு உணர்த்திற்று. பெருமைக்காக எழுதிய கணக்கு இழப்பிற்குச் சான்றாயிற்று!

2018-இல்தான், மோயாற்றில் கிடைத்த மீன்களைக்கொண்டு, திமில் மகசீர் ‘டோர் ரெமாதேவி’ என்னும் இனமே என்று அறிவியலார் தெளிந்தனர். அவ்வாண்டிலேயே அது அற்றுப்போகும் பேரிடரில் உள்ள உயிராகவும் அறிவிக்கப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டாகப் புகழ்பெற்ற மீனுக்கு, அழிவின் விளிம்பிலேயே உரிய பெயர் வாய்த்தது.

மோயாறு பவானியையும், பவானி காவிரியையும் சேர்கின்றது. பிறந்த மண்ணை விட்டு வந்த நாமும் ஆற்றின் பெயர் கேட்டால் உள்ளம் நெகிழ்கின்றோம். அந்நெகிழ்ச்சி நீரோடு நின்றுவிடாது, நீரில் வாழும் உயிரையும் தழுவுதல் வேண்டும். ஆற்றைத் தாயென்போமாயின், அம்மீனும் அவள் மகவன்றோ?