ஒட்டுத் தெரியாத படம்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் வரிவரியாக ஓடும் சாஸனங்களை ஒரே படமாகப் பிடித்துவிட வேண்டும் என்னும் ஆசையால், சட்டைப்பைக்குள் அடங்கும் டிஜிட்டல் காமிரா ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் தலைமீதிருந்த வட்டைப் பனோரமாக் குறிக்கு நேரே திருப்பி, நின்ற இடத்திலேயே நின்று இடமிருந்து வலமாக உடம்பைச் சுழற்றியபோது, எனக்குக் கிடைத்தது சுவரின் படமன்று. நடுவில் வயிறு புடைத்து, இரு கோடிகளிலும் ஒடுங்கிப்போன ஒரு கல் மிடாவின் படம். போதாக்குறைக்கு, நான் சுழன்ற திசையிலேயே நடந்து வந்த பெரியவர் ஒருவர் அதில் இரண்டு இடங்களில் காட்சியளித்தார்.

யந்திரத்தைக் குறைகூறிப் பயனில்லை. ஓரிடத்தில் நின்று சுழலும் கண்ணுக்காகவே பனோரமா பிறந்தது. எடின்பரோவிலிருந்த ராபர்ட் பார்க்கர் என்னும் சித்திரக்காரர், அந்நகரத்துக் கால்டன் குன்றின்மேல் நின்று நாற்புறமும் கண்டதை வளைந்த திரையொன்றில் தீட்டி, பார்ப்பவரை அதன் நடுவே நிறுத்தினால் அவர் குன்றின்மேலேயே நிற்பதாக மயங்குவார் என்று கண்டு, 1787-ல் அதற்கு அரசாங்க உரிமைச் சாஸனமும் பெற்றார். எல்லாம் என்றும் காட்சி என்றும் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்துப் பனோரமா என்ற பெயர் சில ஆண்டுகள் கழித்தே வழங்கலாயிற்று. 1793-ல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் இதற்கென்றே வட்டவடிவமான மாளிகை எழுந்தது. திப்பு சுல்தான் வீழ்ந்த மறு வருஷமே, 1800-ல், இந்தியாவில் அதுவரை கால்வைத்திராத ராபர்ட் கெர் போர்ட்டர் என்னும் இளைஞர், ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையை ஏறத்தாழ 120 அடி நீளத்தில் தீட்டி லண்டன்வாசிகளுக்குக் காட்டினார் என்றால், இந்த வித்தைக்கு இருந்த மோகத்தை ஊகித்துக்கொள்ளலாம். காவிரியைக் காணாதவர் காட்டிய காவிரிக்கரையை, காவிரியைக் காணாதவர்கள் பணம் கொடுத்துப் பார்த்தார்கள்.

புகைப்படம் வந்ததும் இந்த மோகம் அதனையும் தொற்றிக்கொண்டது. 1848-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து ஆற்றங்கரையை, எதிர்க்கரையிலிருந்து ஃபாண்டெய்ன், போர்ட்டர் என்ற இருவர் எட்டு டாகுரோடைப் தகடுகளில் பிடித்தனர். வெள்ளி முலாமிட்ட செப்புத் தகட்டை எங்ஙனம் ஒட்டுவது? சட்டத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் பதித்து வைத்ததே அவர்களால் கூடியது. ஒட்டுவேலை என்று சொல்லத்தக்கது காகிதத்தில் படம் அச்சிடும் முறை வந்த பிறகே சாத்தியமாயிற்று. அதன் ஆதிகாலத்துச் சாதனைகளுள் ஒன்று, வேறெங்குமில்லை, நான் தோற்றுப்போன அதே சுவரடியில்தான் நிகழ்ந்தது.

சென்னைப் பட்டாளத்தில் அதிகாரியாயிருந்த லின்னேயஸ் டிரைப் என்பவர் பேலூர், ஹளேபீடு ஆலயங்களைப் படமெடுத்து, 1855-ல் பர்மாவுக்குச் சென்ற தூதுக் குழுவோடு போய்ப் பேர்பெற்று வந்தபின், சென்னை அரசாங்கத்தின் புகைப்பட உத்தியோகஸ்தராக நியமனமானார். தஞ்சை மராட்டிய மன்னர் வாரிசின்றி 1855-ல் மறைந்து, அரசுரிமையைக் கும்பினியார் விழுங்கிவிட்ட சமயம். வடக்கே சிப்பாய்க் கலகத்தின் புகை அடங்காத சமயம். அந்தக் காலத்திலே அம்மனிதர் மெழுகேற்றிய காகித நெகட்டிவ்களையும் பெரிய காமிராவையும் பரிவாரத்தோடு சுமந்து ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை என்று சுற்றி வந்தார்.

தஞ்சையில் 1858-ல் அவர் செய்தது விசித்திரமான காரியம். கோபுரமும் விமானமும் நந்தியும் எல்லோரும் எடுக்கக்கூடிய படங்கள், அவற்றையும் எடுத்தார். பிறகு, விமானத்தின் அடியில் ஓடும் எழுத்துக்களை, தாம் படிக்கவியலாத அந்தப் பழந்தமிழ் எழுத்துக்களை, பகுதி பகுதியாகப் படம்பிடித்து, 21 பிரதிகளை ஒன்றோடொன்று ஒட்டி, 19 அடிக்கு மேற்பட்ட நீளமுள்ள ஒரே காகிதச் சுருளாக ஆக்கினார். பார்க்கர் நின்று சுழன்றார். டிரைப்போ காமிராவைச் சுவரோடு நகர்த்திக்கொண்டே போனார். குன்றின்மேல் நிற்பவனுக்கு உலகம் வட்டம். கல்வெட்டைப் படிப்பவனுக்கு அது வரி. வரியைப் படிக்க விரும்புகிறவன் வரியோடு நடக்கத்தான் வேண்டும் என்பதை அந்தப் பட்டாளத்துக்காரர் உணர்ந்திருந்தார். 1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், கஜானா இருந்த நிலையில் இதெல்லாம் ஆடம்பரம் என்று கருதி புகைப்பட இலாகாவையே மூட வைத்தார். தாமும் தம் தமக்கையாரும் தேவியரும் பிறரும் ஈந்தவற்றைக் கல்லில் வெட்டுக என்று ராஜராஜன் பணித்த செய்தியைக் கூறும் அச்சாஸனங்களைக் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் என்பவர் படித்து அச்சேற்றத் தொடங்கியதோ 1890-க்குப் பிறகுதான். படம் முந்திக்கொண்டது, படிப்பு பிந்தி வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சர்க்கட் காமிரா, கடிகார விசையால் தானே சுழன்று, நீண்ட பிலிமை ஒரு கீற்றுத் துவாரத்தின் பின்னே ஓட்டி, ஒட்டே இல்லாமல் படம் எடுத்தது. பள்ளிக்கூடக் குழுப் படங்களில் ஒரு கோடியில் நின்ற பையன் காமிரா திரும்புவதற்குள் பின்னால் ஓடி மறு கோடியிலும் தலைகாட்டுவது அக்காலத்துப் பிரசித்தமான குறும்பு. என் படத்துப் பெரியவர் அறியாமல் செய்ததும் அதுவே.

டிஜிட்டல் காமிராவில் ஒட்டுவேலை திரும்பவும் வந்தது. கேனான் பவர்ஷாட் காமிராக்கள் சிலவற்றில், முன் எடுத்த படத்தின் ஓரத்தைத் திரையில் காட்டி அடுத்ததை அதனோடு பொருத்தச் சொல்லும் வசதி இருந்தது. 2003-ல் மாத்யூ பிரவுன், டேவிட் லோவ் என்னும் கனடா நாட்டுப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இருவர், குவியலாகக் கொடுத்த படங்களுள் எது எதனோடு சேரும் என்பதைக் கணினியே பொதுவான புள்ளிகளைக் கொண்டு கண்டுபிடிக்கும் முறையை வெளியிட்டனர். 2009-ல் சோனி, விசையை அழுத்திக் கையை வீசினால் உள்ளேயே படம் ஒட்டிக்கொள்ளும் காமிராவை விற்கத் தொடங்கியது. வீசுகிறவன் ஒன்றும் கற்க வேண்டியதில்லை. அதனால்தான் மிடா கிடைக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

மறுநாள் காலை டிரைப்பின் வழியில் நடக்கலானேன். முதலில் வட்டைப் பி-யில் வைத்தேன். அதில் வெளிச்சத்துக்கேற்ற துவாரத்தையும் ஷட்டர் வேகத்தையும் காமிராவே படத்துக்குப் படம் தீர்மானித்ததால், நிழலில் எடுத்தது வெளுத்தும் வெயிலில் எடுத்தது கறுத்தும், அடுத்தடுத்த துண்டுகள் ஒரே கல்லின் துண்டுகளாகவே தோன்றவில்லை. ஏ-யில் துவாரம் மட்டும் நம் கையில், எஸ்-ஸில் வேகம் மட்டும் நம் கையில் ஆகையால் அவையும் உதவா. எம் ஒன்றே இரண்டையும் நம்மிடம் ஒப்படைப்பது. அதில் இரண்டையும் நிலைப்படுத்தி, ஃபோகஸையும் நிறச் சமன்பாட்டையும் பூட்டிவிட்டு, சுவரிலிருந்து ஒரே தூரத்தில், முந்தின படத்தின் மூன்றிலொரு பாகம் அடுத்ததிலும் விழுமாறு, அடிமேல் அடி வைத்துப் பதினான்கு படங்கள் எடுத்தேன்.

கணினி அவற்றை ஒட்ட மறுத்தது. எழுத்துத் தேய்ந்து வெறும் விளிம்புக் கோடுகள் மட்டுமே தொடரும் இடத்தில், எந்தக் கல் எதன் பக்கத்துக் கல் என்று அதற்கு விளங்கவில்லை போலும். மூன்று படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தது. பதினான்கையும் காகிதத்தில் அச்சிட்டு, கத்தரியும் மைதாப் பசையும் கொண்டு கூடத்துத் தரையில் உட்கார்ந்து ஒட்டி முடிக்க ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. ஒன்பதாவது துண்டும் பத்தாவது துண்டும் சேருமிடத்தில் ஒரு மகரத்தின் இரு பாதிகளும் நூலளவு விலகி நிற்கின்றன. டிரைப்பின் சுருளிலும் உற்றுப் பார்த்தால் ஒட்டுகள் தெரிகின்றன.