கதகதப்புக்கு எவ்வளவு காசு? பேஸ் அம்பின் ஒரு சின்ன வரலாறு

பேஸ் கிற்றார் வாசிக்கிற ஆக்களிட்ட எந்த அம்ப் நல்லது எண்டு கேட்டால் முதலில வாற சொல் 'வோம்'. கதகதப்பான சவுண்ட் வேணும் எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். அடுத்து வாற சொல் 'வால்வு'. அதுக்குப் பிறகு விலை வரும், அதோட கதை முடிஞ்சிடும். எங்கட பேஸுக்கு ஒரு அம்ப் வாங்கக் காசு சேர்க்கத் தொடங்கின நாளில இருந்து நாங்களும் இந்தச் சுற்றுக்குள்ளதான் நிண்டனாங்கள். காசில்லாட்டி கதகதப்பு இல்லையோ? இந்தக் கேள்வியோட பழைய கதைகளைத் தேடி வாசிக்கப் போனால், அங்க இருந்தது வேற ஒரு பதில்.

லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவில் பிரெசிஷன் பேஸை 1951இல் வெளியிட்டார். அதுவரை இசைக்குழுக்களில் பேஸ் எண்டால் ஆளுயர டபுள் பேஸ்தான். தூக்கித் திரிய ஏலாது, ட்ரம்ஸுக்கும் பிராஸுக்கும் நடுவில கேட்கவும் மாட்டுது. புது வாத்தியத்துக்கு ஒரு அம்ப் வேண்டியிருந்ததால் அடுத்த வருடமே, 1952இல், ஃபெண்டர் பாஸ்மன் வந்தது. ஒரு 15 அங்குல ஸ்பீக்கர், 26 வாற்ஸ். இண்டைக்கு வீட்டில் பழகுறதுக்கு வாங்கும் சின்ன அம்புகள் கனக்க அதைவிடச் சக்தி கூடியவை.

1950களின் நடுப்பகுதியில் பாஸ்மனுக்கு நாலு 10 அங்குல ஸ்பீக்கர்கள் வந்தன. பெட்டியின் பின்பக்கம் திறந்திருந்தது. சத்தத்தைக் கூட்டினால் பேஸ் ஒலி உடையத் தொடங்கும். பேஸுக்கு அது குறை, ஆனால் கிற்றார்காரர் அதைத்தான் விரும்பினார்கள். 1960களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் செய்யப்பட்ட முதல் மார்ஷல் அம்பும் இந்த பாஸ்மனின் சுற்றைப் பின்பற்றியதுதான். பேஸுக்காகச் செய்த பெட்டி ரொக் கிற்றாரின் தாயாகிப் போனது.

பேஸுக்கெண்டே யோசித்தவர் எவரெற் ஹல். அவரே ஒரு டபுள் பேஸ் வாசிப்பாளர். டபுள் பேஸ் நிற்கும் அடிக்காலுக்குள் ஒரு பிக்கப்பைப் பொருத்தினார். அந்த 'அம்பிளிஃபைட் பெக்' எண்ட பெயரில் இருந்துதான் அம்பெக் கம்பனியின் பெயர் வந்தது. 1960இல் அம்பெக்கில் ஜெஸ் ஒலிவர் வடிவமைத்த பி-15 போர்ட்டாஃபிளெக்ஸ் வெளிவந்தது. ஒரு 15 அங்குல ஸ்பீக்கர், 25 வாற்ஸ் வால்வு அம்ப். பின்பக்கம் மூடிய, அளந்து துவாரம் விட்ட பெட்டி. வாசித்து முடிய மேல் மூடியைப் புரட்டினால் அம்ப் பெட்டிக்குள்ளே போய்விடும். கதகதப்பான பேஸ் ஒலி எண்டு ஆக்கள் கதைக்கும்போது மனதில் இருப்பது பெரும்பாலும் இந்தப் பெட்டிதான். வேடிக்கை என்னெண்டால், ஹலுக்கு ஒலி உடையிறது துண்டறப் பிடிக்காது. சுத்தமான ஒலிக்காகத்தான் அவர் பாடுபட்டார். இண்டைக்கு வால்வின் கதகதப்பு எண்டு விற்கப்படுவதில் பாதி, அவர் தவிர்க்கப் பார்த்த அந்த உடைவுதான்.

அது எப்பிடி நடக்குது? வால்வைக் கொஞ்சம் கூட அழுத்தினால் ஒலி அலையின் உச்சி திடீரெண்டு வெட்டுப்படாது, மெல்ல வளையும். மூல சுரத்தோட அதின்ர மேற்சுரங்களும் கொஞ்சம் சேரும். ஆனால் கதை அதோட முடியேல்லை. கடுதாசிக் கூம்பு வைத்த 15 அங்குல ஸ்பீக்கர் உயர் அதிர்வெண்களைப் பெரிசாக வெளியே விடாது. அதனால் விரல் உரசல், கம்பி ஃபிரெற்றில் அடிபடும் சத்தம் எல்லாம் அடங்கிப் போகும். அதாவது கதகதப்பில் ஒரு பங்கு, அந்தப் பெட்டியால் *செய்ய முடியாமல்* போனதில் இருந்து வருகுது.

மோட்டவுண் கதையைப் பார்ப்பம். டிற்ரோயிற்றில் ஜேம்ஸ் ஜாமர்சன் வாசித்த பேஸ்தான் கதகதப்புக்கு உதாரணமாகக் காட்டப்படுறது. அவர் கிளப்புகளில் பி-15 பாவித்தார். ஆனால் மோட்டவுண் ஸ்ரூடியோவில் பேஸ் நேரடியாகவே கொன்சோலுக்குள் போனது. அந்தப் பாட்டுகளில் நாங்கள் கேட்பது அவருடைய அம்பை இல்லை. கேட்பது அவரின் ஒற்றை விரலையும், பிரெசிஷன் பேஸையும், அதில் அவர் மாற்றாமலே வைத்திருந்த தடித்த ஃபிளாற்வூண்ட் கம்பிகளையும், பிரிட்ஜுக்குக் கிட்ட வைத்த ஒரு துண்டு ஃபோமையும்தான். ஃபோமுக்கு எவ்வளவு காசு?

இன்னொரு கதை லண்டனில். 1961இல் ஹம்பேர்க்கில் இருந்தபோது போல் மக்கார்ட்னிக்கு ஃபெண்டர் வாங்க வசதி இல்லை. சுமார் 30 பவுணுக்கு ஒரு ஹொஃப்னர் வாங்கினார். 1962 ஜூன் 6ஆம் திகதி பீற்றில்ஸ் முதல் தடவையாக ஈஎம்ஐ ஸ்ரூடியோவுக்குப் போனபோது அவருடைய பேஸ் அம்ப் இரைச்சல் போட்டது, ஒலிப்பதிவு செய்யவே ஏலாத நிலை. பொறியியலாளர்கள் நோர்மன் ஸ்மித்தும் கென் ரவுண்செண்டும் எதிரொலி அறையில் இருந்த ரன்னோய் ஸ்பீக்கரைத் தூக்கி வந்து, ஒரு லீக் அம்போட பொருத்தி, வயரைப் பற்றவைத்து வேலையை முடித்தார்கள். அந்தக் காலத்திலேயே லிவர்பூலில் ஏட்ரியன் பார்பர் எண்ட கிற்றார்காரர் 15 அங்குல ஸ்பீக்கர் போட்டு ஒரு உயரமான பெட்டி செய்து கொடுத்தார். வடிவத்தைப் பார்த்து எல்லாரும் அதுக்கு வைத்த பெயர் 'சவப்பெட்டி'. அதை இயக்கியது வீட்டில் இசைத்தட்டுக் கேட்பதற்கான குவாட் அம்ப். கையில கிடைச்சதைத்தான் பொருத்தினவை.

பிறகு மேடைகள் பெரிசாச்சு. 1969இல் வந்த அம்பெக் எஸ்விரி 300 வாற்ஸ், 14 வால்வுகள், அதுக்குக் கீழ எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பெட்டிகள். தலைப்பகுதி மட்டும் 38 கிலோ அளவில் இருந்தது. அதே காலத்தில் அக்கூஸ்ரிக் 360 எண்ட ட்ரான்சிஸ்டர் அம்ப் 200 வாற்ஸோட, 18 அங்குல ஸ்பீக்கரோட வந்தது. லெட் செப்பலினின் ஜோன் போல் ஜோன்ஸ் அதைப் பாவித்தார். அவரின் பேஸ் ஒலி குளிராக இருக்கெண்டு ஆர் சொல்லுவினம்? ட்ரான்சிஸ்டர் எண்டால் குளிர் எண்ட முடிவு அங்கேயே பிழைச்சுப் போச்சு. இண்டைக்கு கிளாஸ்-டி அம்புகள் இரண்டு மூன்று கிலோவுக்குள் 300 வாற்ஸைவிடக் கூடத் தருகுது.

இந்த வரலாற்றில் இருந்து எங்கட பொக்கெற்றுக்கு என்ன எடுத்தம்?

முதலாவது, ஸ்பீக்கரும் பெட்டியும். வால்வைத் தேட முதல் இதைக் கேட்டுப் பாக்கவேணும். ட்வீட்டர் இருந்தால் அதை நிப்பாட்ட வழி இருக்கோ எண்டு பாருங்கோ.

இரண்டாவது, நடுப்பகுதி. பேஸின் ஆகத் தடித்த ஈ கம்பி ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸ். சின்ன ஸ்பீக்கர் அதை ஒழுங்காக எழுப்பாது. ஆனால் 82, 123 எண்டு மேற்சுரங்கள் தெளிவாகக் கேட்டால் காது கீழே உள்ளதைத் தானே நிரப்பிக்கொள்ளும். அதனால் பேஸ் திருகைக் கடைசி மட்டும் திருப்பி வாற்ஸை வீணாக்காமல், கீழ்-நடுப் பகுதியைக் கொஞ்சம் கூட்டி, ட்ரெபிளைக் குறைக்கலாம்.

மூன்றாவது, வாற்ஸ். சக்தியை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டும்தான். அறையில் பழக 30, 40 வாற்ஸ் தாராளம். ட்ரம்ஸோட வாசிக்க 100க்கு மேல வேணும். இரண்டுக்கும் நடுவில காசைக் கொட்டுறது ஆகப் பெரிய நட்டம்.

நாலாவது, வெளிநாட்டில இருந்து பாவிச்ச வால்வு அம்ப் மலிவாக வருகுதெண்டால் வோல்ற்றேஜைப் பாருங்கோ. அமெரிக்க அம்புகள் 120 வோல்ற்றுக்குச் செய்தவை, இங்க 230. அதுக்குள்ள 400 வோல்ற்றுக்கு மேலயும் இருக்கும். பிளக்கைக் கழற்றின பிறகும் கப்பாசிற்றர்களில் மின்சாரம் தங்கி நிற்கும். தெரியாமல் திறக்கிறது விளையாட்டில்லை.

நாங்கள் கடைசியில காசை இரண்டாகப் பிரிச்சம். கூடின பங்கு, ட்வீட்டர் இல்லாத ஒரு பாவிச்ச ட்ரான்சிஸ்டர் அம்புக்கு. மிச்சம் ஒரு செற் ஃபிளாற்வூண்ட் கம்பிக்கு. ஃபோம், பழைய குஷன் ஒண்டில இருந்து வெட்டினது. முதல் நாள் போட்டு வாசிச்ச உடனே ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு ஒராள் ட்ரெபிளை இன்னும் கொஞ்சம் குறைச்சுப் பாருங்கோ எண்டார். குறைச்சம். சரியா இருந்தது.