ஜுலன் கோஸ்வாமி: காத்திருந்து சாதித்த வேகப்பந்து வீச்சாளர்



காஞ்சிபுரத்திலிருந்து ரயிலேறி சென்னைக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் நம் வீடுகளில் உண்டு. மேற்கு வங்காளத்தின் நதியா மாவட்டத்தில் உள்ள சக்தஹா என்ற சிற்றூரிலிருந்து கொல்கத்தாவுக்கும் ஏறக்குறைய அதே தூரம்தான். தொண்ணூறுகளின் இறுதியில், அதிகாலை ரயிலைப் பிடித்து அந்தத் தூரத்தைக் கடந்தார் ஒரு சிறுமி. அவர் போனது கிரிக்கெட் பயிற்சிக்கு. அவர்தான் ஜுலன் கோஸ்வாமி.

தொடக்கம்

1982 நவம்பர் 25-ல் பிறந்தவர். அக்கம்பக்கத்துப் பையன்களோடு விளையாடித்தான் பந்துவீசப் பழகினார். 1997-ல் கொல்கத்தா ஈடன் கார்டனில் நடந்த பெண்கள் உலகக்கோப்பை இறுதிப் போட்டியில், எல்லைக்கோட்டைத் தாண்டும் பந்துகளை எடுத்துப் போடும் சிறுமிகளில் ஒருவராக நின்றார். பெண்களும் இந்த விளையாட்டில் இவ்வளவு உயரத்துக்கு வர முடியும் என்பதை அன்று நேரில் கண்டார். வீட்டில் முதலில் தயக்கம் இருந்தது. பிறகு சம்மதம் கிடைத்தது.

2002 ஜனவரியில் நம் சென்னையில், இங்கிலாந்துக்கு எதிராக முதல் சர்வதேச ஒருநாள் போட்டியில் ஆடினார். அதே மாதம் லக்னோவில் முதல் டெஸ்ட்.

டெஸ்ட் சாதனை

2006-ல் இங்கிலாந்துப் பயணம். லெஸ்டர் டெஸ்டில், அன்றைய ஆட்டம் முடியும் நேரத்தில் விக்கெட்டைக் காக்க அனுப்பப்பட்ட இவர் 69 ரன் எடுத்தார். அடுத்து டாண்டன் டெஸ்டில் 78 ரன் கொடுத்து 10 விக்கெட். இந்தியப் பெண்கள் அணி இங்கிலாந்து மண்ணில் வென்ற முதல் டெஸ்ட் தொடர் அது. 2007-ல் ஐ.சி.சி.யின் சிறந்த வீராங்கனை விருது அவருக்குக் கிடைத்தது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அந்த வெற்றிக்குப் பின் 2014 வரை, எட்டு ஆண்டுகள், இந்தியப் பெண்களுக்கு ஒரு டெஸ்ட் கூட ஏற்பாடு செய்யப்படவில்லை. 2014-க்குப் பிறகு மீண்டும் 2021 வரை இடைவெளி. ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் ஜுலன் ஆடிய டெஸ்ட்கள் வெறும் 12. எடுத்த விக்கெட் 44. ஏறத்தாழ அதே காலத்தில் ஆடிய இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஆண்டர்சனுக்கு 188 டெஸ்ட்கள் கிடைத்தன. ஜுலனிடம் திறமைக்குக் குறைவில்லை; வாய்ப்புதான் தரப்படவில்லை.

கிடைத்த களத்தில் அவர் சோர்ந்துவிடவில்லை. 204 ஒருநாள் போட்டிகளில் 255 விக்கெட் எடுத்து, பெண்கள் கிரிக்கெட்டில் உலக சாதனை படைத்தார். 2010-ல் அர்ஜுனா விருது, 2012-ல் பத்மஸ்ரீ. 2017 உலகக்கோப்பை இறுதிப் போட்டியில் 23 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்தும், இந்தியா 9 ரன்னில் தோற்றது. 2022 செப்டம்பரில் லார்ட்ஸ் மைதானத்தில் விடைபெற்றபோது அவர் கையில் உலகக்கோப்பை இல்லை. 2025 நவம்பரில் இந்தியப் பெண்கள் கோப்பையை வென்றதும், அதைக் கொண்டுபோய் ஜுலனின் கையில் கொடுத்தார்கள்.

நமக்கு என்ன பாடம்?

நபி (ஸல்) அவர்கள் பயணம் ஒன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். அதில் அன்னையவர்கள் முந்தினார்கள். பின்னொரு முறை நபியவர்கள் முந்தினார்கள். அபூதாவூதில் பதிவான செய்தி இது. உடல் வலிமையும் உற்சாகமும் பெண்ணுக்கு ஆகாதவை என்று மார்க்கம் சொல்லவில்லை.

ஆடை, தொழுகை நேரம், பாதுகாப்பான சூழல் ஆகிய வரம்புகளில் நாம் சமரசம் செய்ய முடியாது. ஆனால் அந்த வரம்புக்குள் நம் பெண் பிள்ளைகள் ஓடி விளையாட ஓர் இடத்தையாவது அமைத்துக் கொடுத்தோமா? ஜமாஅத்தும் நம் பள்ளிக்கூட நிர்வாகங்களும் யோசிக்க வேண்டிய கேள்வி இது. ஏற்பாடு செய்யாமல் இருப்பது நம் அலட்சியம். அதற்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டக் கூடாது.

இந்தியப் பெண்களின் ஆரம்பகால டெஸ்ட் அணியில், எழுபதுகளிலேயே, சென்னையைச் சேர்ந்த ஃபவ்ஸியா கலீலி விக்கெட் கீப்பராக ஆடியிருக்கிறார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பிள்ளைகளின் திறமை அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அது விளையாட்டாக இருக்கலாம், படிப்பாக இருக்கலாம், கைத்தொழிலாக இருக்கலாம். அதைக் கண்டறிந்து, நல்ல வழியில் வளர்த்தெடுக்கும் பெற்றோர்களாக வல்ல ரஹ்மான் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.