மஞ்சவாடிக் கணவாயும் மாவட்டக் கோடும்

1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானபோது பாப்பிரெட்டிப்பட்டியின் மாவட்டத் தலைநகரம் மாறியது, பேருந்து மாறவில்லை. அரூரிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டி வழியாக மஞ்சவாடிக் கணவாயைக் கடந்து அயோத்தியாப்பட்டணம், சேலம் என்று போகும் தடம்தான் இன்றும் ஊரின் முதுகெலும்பு. மலை விட்ட இடைவெளியில் சாலை போனது, சாலை போன திக்கில் சந்தையும் போனது. எல்லைக் கோட்டைவிட வழித்தடத்துக்கே ஊரின் நோக்கைத் தீர்மானிக்கும் பலம் அதிகம் என்பேன்.

ரயில் முந்தியதே என்று கேட்கலாம். சேலம் பாதை 1860களிலேயே வந்துவிட்டது, பொம்மிடியில் நிலையமும் உண்டு. ஆனால் அது தாலுகா ஊரைத் தொடாமல் விலகிப் போகிறது. பொம்மிடிக்குப் போகவே பஸ் ஏற வேண்டும். அரசே பஸ் நிர்வாகத்தை மாவட்டக் கோட்டின்படி பிரிக்க முயன்றதே என்பது வலுவான மறுப்பு. 1970களில் சேலத்தில் அண்ணா போக்குவரத்துக் கழகம், 1980களில் தருமபுரிக்கென அன்னை சத்தியா கழகம். ஆயினும் 1997இல் கழகங்களிலிருந்து தனிநபர் பெயர்கள் நீங்கின. பிறகு தருமபுரி, சேலம் கோட்டத்தின் ஒரு மண்டலமாகவே ஆனது. நிர்வாகமும் கடைசியில் கணவாய் வழியே திரும்பிவிட்டது! கட்டணம் திசையை மாற்றாதா என்றும் கேட்கலாம். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. சேலம் போகும் புறநகர் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். உள்ளூர்ப் பயணத்தை இலவசம் பெருக்கலாம். ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்கும் ஜவுளிக்கும் கிளம்புகிறவர்கள், காசு கொடுத்தாவது, சேலம் போர்டு போட்ட வண்டிக்கே கை காட்டுகிறார்கள்.