பழைய கம்பியா, கண்ணாடி இழையா?

"நெட் ரொம்ப ஸ்லோ. லைனைச் சரி பண்ணச் சொல்லலாமா, இல்லை ஃபைபருக்கே மாறிடலாமா?" பழைய லேண்ட்லைன் கம்பியிலேயே நெட் ஓடும் வீடுகளில் இன்னும் கேட்கும் கேள்வி இது. நான் படிப்பது காமர்ஸ்தான், இன்ஜினியரிங் இல்லை. ஆனாலும் இதற்கான பதில் பாதிக்கு மேல் வரலாற்றில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

மெட்ராஸுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வந்தது 1882 ஜனவரியில். டெலிபோன் கம்பிகள் போடப்பட்டது பேச்சுக்காக மட்டும். மனிதக் குரலுக்கு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை போதும் என்று கணக்குப் போட்டார்கள். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, அதுவும் இந்தக் குரல் பாதையில்தான் வந்தது. போன் பேசினால் நெட் கிடையாது!

2004 பிராட்பேண்ட் கொள்கை, 256 கேபிபிஎஸ் இருந்தாலே பிராட்பேண்ட் என்றது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் 'டேட்டாஒன்' தொடங்கியது. அதன் ஏடிஎஸ்எல் தொழில்நுட்பம் கெட்டிக்காரத்தனமானது. குரலுக்கு மேலே காலியாகக் கிடந்த அலைவரிசையில் டேட்டாவை அனுப்பியது. புதிதாகத் தெருவைத் தோண்ட வேண்டியதில்லை. சின்ன ஊர்களுக்கும் பிராட்பேண்ட் வர அதுதான் வழி செய்தது.

ஆனால் எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக் கூட வேகம் குறையும். ஏடிஎஸ்எல்2+ காகிதத்தில் 24 எம்பிபிஎஸ். நாலைந்து கிலோமீட்டர் தள்ளியிருந்தால் அதில் சிறு பங்குதான் மிஞ்சும். அப்லோடு சாதாரணமாக 1 எம்பிபிஎஸ் அளவுதான். சிவகாசி, திருத்தங்கல் பக்கம் இது சின்ன விஷயமில்லை. 500 எம்பி காலண்டர் டிசைன் ஒன்றை பிரஸ்ஸுக்கு அனுப்ப 1 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 50 எம்பிபிஎஸ் ஃபைபரில் சுமார் 80 விநாடி.

கண்ணாடியின் கதை 1966-இல் தொடங்குகிறது. ஒரு கிலோமீட்டர் போன பிறகு 1 சதவீத ஒளி மிஞ்சினாலே போதும், தகவல் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்றார் சார்லஸ் காவ். 1970-இல் கார்னிங் நிறுவனம் அப்படிப்பட்ட இழையைச் செய்துவிட்டது. காவுக்கு 2009-இல் நோபல் கிடைத்தது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலுக்கடியில் 2002-இலேயே ஐ2ஐ ஃபைபர் கேபிள் ஓடியது. அதாவது கடல் தாண்டிக் கண்ணாடியில் பறந்து வந்த டேட்டா, வீட்டுக்கு முந்தின கடைசி சில கிலோமீட்டரில்தான் தடுமாறியது.

இதே குழப்பம் ஒரு நாட்டுக்கே வந்ததுண்டு. ஆஸ்திரேலிய அரசு 2009-இல் பெரும்பாலான வீடுகளுக்கு ஃபைபர் என்று அறிவித்தது. 2013-இல் வந்த புதிய அரசு, செலவைக் குறைக்கப் பல இடங்களில் பழைய செம்புக் கம்பியையே பயன்படுத்தலாம் என்று மாற்றியது. 2020-இல் அந்த வீடுகளில் பலவற்றுக்கு மறுபடியும் ஃபைபர் போட முடிவானது. ஒரே வேலைக்கு இரண்டு செலவு. ஏற்கெனவே போட்ட பணத்தைப் பார்த்து அடுத்த முடிவை எடுக்காதே என்று எங்கள் பாடத்தில் சொல்வது இதைத்தான்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு மாறவும் வேண்டாம். முதலில் மோடத்தில் நேரடியாகக் கேபிள் செருகிப் பாருங்கள். வேகம் சரியாக இருந்தால் கோளாறு வைஃபையில். ஃபைபர் வந்தாலும் அது தீராது. போனில் கரகரப்பு இருந்தால் ஜாயிண்டில் ஈரமோ துருவோ இருக்கலாம். ரிப்பேர் செய்தால் பழைய வேகம் திரும்பும். லைன் சுத்தமாக இருந்தும் வேகம் இல்லையா? அது பெரும்பாலும் தூரத்தின் கணக்கு. எந்த லைன்மேனாலும் தூரத்தைக் குறைக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. பழைய லேண்ட்லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது. கரண்ட் போனாலும் பேசலாம். ஃபைபர் மோடத்துக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். மாறுகிறவர்கள் ஒரு சின்ன யுபிஎஸ் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரிப்பேர் செய்தால் நேற்றிருந்த வேகம் கிடைக்கும். அது உங்கள் வேலைக்குப் போதுமென்றால் தாராளமாகச் செய்யுங்கள். போதாதென்றால், குரலுக்காகப் போட்ட கம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை. அது தன் வேலையைத் தேவைக்கு மேலேயே செய்துவிட்டது.